கொத்தி எருப்போட இன்னும் ஒரு வருடம்



தை மாதத்து விடியற்காலையில் நுவரெலியாவில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தொடங்குவது புதிதல்ல. முதல் நாள் இரவு வானம் மேகமின்றித் துலக்கமாக இருக்கும். காற்று அசையாது. "இன்னைக்கு ராத்திரி பனி கொட்டும்" என்று லயத்து வாசலில் நின்றபடியே பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. பகலில் நிலம் வாங்கிய சூட்டைத் தடுத்து நிறுத்த மேகப் போர்வை இல்லாவிட்டால், அந்தச் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று பாரமானது. அது தண்ணீரைப்போலச் சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கி நிற்கும். விடியும்போது பள்ளத்துப் புல்லும், தேயிலையும், உருளைக்கிழங்குப் பாத்தியும் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்திருக்கும்.

சுற்றுலா வந்தவர்கள் அதைக் கண்டு மகிழ்ந்து படம் பிடிப்பார்கள். தோட்டத்து மக்கள் மகிழ்வதில்லை. நாற்பது வருடம் மலையில் வேலை செய்து ஓய்ந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "சாமி, விடியக்காலம் பார்த்தா கொழுந்து பச்சையாத்தான் இருக்கும். மேலே வெள்ளையா பனி மட்டுந்தான் தெரியும். வெயில் சுள்ளுன்னு ஏறுதில்ல, அப்பத்தான் கருகிப்போனது தெரியும். பனி கொல்றது பாதி, வெயில் கொல்றது பாதி."

படிக்காத அந்தப் பெரியவர் சொன்னதைத் தாவர நூல் கற்றவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து ஊசி ஊசியாகப் படிகமாகி, அதன் நுண்ணிய அறைகளைக் கிழிக்கிறது. அது மெல்ல உருகினால் சில இலைகள் பிழைத்துக்கொள்ளும். சடுதியாக வெயில் பட்டு உருகினால் பிழைப்பது அரிது. காய்கறித் தோட்டக்காரர் வெயில் ஏறுமுன் பாத்திகளுக்குத் தண்ணீர் தெளித்துவிடுவதும் இதற்காகத்தான்.

உறைந்தது உருகுவது எப்போதும் நல்லது என்றே நாம் நினைக்கிறோம். கல் நெஞ்சம் உருக வேண்டும் என்று பிரசங்கிக்கிறோம். பூட்டிய களஞ்சியம் திறக்க வேண்டும் என்று கேட்கிறோம். அது சரியே. ஆனால் உருகினால் மட்டும் போதுமா? உருகும்போது வெளிப்படுவது உயிருக்கு ஆகாரமாக வேண்டுமானால், அதை வாங்கிக்கொள்ள வேர் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஏற்ற காலம் வாய்க்க வேண்டும். அருகில் நின்று கவனிக்க ஓர் ஆளும் வேண்டும். இவை இல்லாதபோது ஆகாரமே அழிவாகிவிடும். இன்று உங்களோடு சிந்திக்க விரும்புவது இதைத்தான்.

வடகோடியில் உறைந்த நிலம்

நமக்கு ஓரிரவில் வந்து மறுநாள் காலையில் போய்விடும் உறைவு, பூமியின் வடகோடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் போகாமல் நிலத்துக்குள் கிடக்கிறது. சைபீரியா, அலாஸ்கா, வட கனடா முதலிய பிரதேசங்களில் நிலத்தின் அடிப்பகுதி கோடையிலும் உருகுவதில்லை. இரண்டு வருடங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து உறைந்தபடியே இருக்கும் நிலத்தை நிரந்தர உறைநிலம் என்று அழைக்கிறார்கள். சைபீரியாவில் சில இடங்களில் அது ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்குகிறது. கோடையில் மேலே உள்ள மெல்லிய படை மட்டும் உருகும். பாசியும், கற்பாசியும், முழங்கால் உயரச் செடிகளும், வெள்ளைப் பஞ்சு போலப் பூக்கும் ஒருவகைக் கோரையும் அந்தப் படையில்தான் அவசர அவசரமாக வேர்விட்டு, இலைவிட்டு, விதைத்து முடித்துக்கொள்ளும்.

அதற்குக் கீழே என்ன இருக்கிறது? முன்னாளில் வாழ்ந்து மடிந்த புல், பூண்டு, வேர், விலங்கு யாவும் மக்காமல் உறைந்து கிடக்கின்றன. குளிர்ப்பெட்டியில் வைத்த கறி கெடாமல் இருப்பதுபோல என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வாறு உறைந்து கிடக்கும் காபனின் அளவு ஏறத்தாழ 1,500 பில்லியன் தொன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று நம் தலைக்கு மேலுள்ள வளிமண்டலம் முழுவதிலும் இருக்கும் காபனைப்போல அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனோடு செடிகளுக்கு இன்றியமையாத நைதரசனும் பெருமளவில் அங்கே பூட்டிக் கிடக்கிறது.

இப்போது அந்தப் பூட்டு திறக்கிறது. 1979ஆம் ஆண்டு முதல் வடதுருவப் பிரதேசம் உலகச் சராசரியைவிட மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமாகி வருகிறது. உறைநிலம் உருகுகிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் மனிதன் மட்டுமீறி எரித்ததன் பலன் இது.

"நிலத்தில் பசளை வெளிப்படுகிறதென்றால் செடிகளுக்கு நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சில செடிகளுக்கு நன்மை கிடைக்கிறது. புதர்கள் முன்பில்லாத இடங்களில் பரவுகின்றன; வெறுமையாய்க் கிடந்த இடங்கள் சில பச்சையாகி வருகின்றன. ஆனால் முழுக் கதை அதுவல்ல.

நிலம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல உருகும். ஆகவே உறைநிலத்தின் விளிம்பு மிக ஆழத்துக்கு உருகி இறங்குவது கோடையின் தொடக்கத்தில் அல்ல, இலையுதிர் காலத்தில். அப்போதுதான் அடியிலிருந்து நைதரசன் வெளிப்படுகிறது. மேலே செடிகளோ அந்த வருடத்து வேலையை முடித்து, இலை பழுத்து, உறக்கத்துக்குப் போய்விட்டன. பந்தி பரிமாறும்போது விருந்தாளி வீடு போய்ச் சேர்ந்துவிட்டதைப் போன்றது இது. சுவீடன் தேசத்தின் வடக்கே அபிஸ்கோ என்னும் இடத்தில் ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உருகும் விளிம்பின் ஆழத்திலேயே பசளையை வைத்தபோது, ஆழமாக வேர்விடும் சில இனங்கள் மட்டுமே அதனால் வளர்ந்தன. மேலோட்டமாக வேர்விட்டவற்றுக்கு அது எட்டவில்லை.

செடி எடுக்காததை யார் எடுக்கிறார்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எடுக்கின்றன. அவை அந்தப் பழைய மக்கலைத் தின்று, காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுகின்றன; நீர் தேங்கிய இடங்களில் மெதேன் வாயுவை வெளிவிடுகின்றன. அந்த வாயுக்கள் பூமியை இன்னும் சூடாக்க, இன்னும் நிலம் உருகுகிறது. மண்ணுக்குள் இருந்த பனிக்கட்டி கரைந்த இடத்தில் நிலம் உள்வாங்கிப் பள்ளம் விழுகிறது. மரங்கள் குடித்தவனைப்போலச் சாய்ந்து நிற்கின்றன. புதர்கள் அடர்ந்த இடத்தில் நிழலுக்குள் அகப்பட்ட கற்பாசி அழிகிறது. குளிர்காலத்தில் அதைத் தின்று உயிர்வாழும் கலைமான்கள் பட்டினி கிடக்கின்றன. சிலருக்கு வந்த செழிப்பு வேறு சிலருக்குப் பஞ்சமாகிறது.

இதற்கு மாறான ஒரு செய்தியும் உண்டு. 2012ஆம் ஆண்டில் உருசிய விஞ்ஞானிகள் ஓர் அரிய காரியத்தை அறிவித்தார்கள். சைபீரியாவில் அணில்கள் முன்னொரு காலம் வளைக்குள் சேர்த்துவைத்த காய்கள் உறைநிலத்தில் ஆழப் புதைந்து கிடந்தன. அவற்றின் வயது 30,000 வருடங்களுக்கு மேல். அந்தக் காயின் உள்ளேயிருந்த சிறு திசுவை எடுத்து, ஏற்ற உணவூட்டி, கண்ணாடிக் குழாயில் பேணி, பின்னர் மண்ணில் வைத்தார்கள். அது செடியாகி, வெள்ளைப் பூப் பூத்து, விதையும் தந்தது. பாருங்கள், அதே நிலம், அதே உறைவு. கேட்பாரற்று உருகியபோது நாசம் விளைந்தது. பொறுமையுள்ள கைகள் எடுத்து வளர்த்தபோது பூ மலர்ந்தது.

நம் மலையின் கணக்கு

"எங்கோ வடதுருவத்தில் நடப்பது லிந்துலையிலும் பொகவந்தலாவையிலும் இருக்கும் எங்களுக்கு எதற்கு?" என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே வெளியேறும் வாயுவுக்கு எல்லைச் சாவடி கிடையாது. பூமி சூடேறினால் காற்று கூடுதலான நீரைச் சுமக்கும். சுமந்ததை ஒரே மூச்சில் கொட்டும். அந்தப் பெருமழை நம் மண்ணை என்ன செய்யும் என்பது மலையகத்தாருக்குத் தெரியாததல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைச்சரிவுகள் இடிந்து நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டன. இறந்தவர்களின் ஆத்துமங்கள் ஆண்டவரில் இளைப்பாறுவனவாக.

இவை எல்லோரும் அறிந்த பெரிய அழிவுகள். செய்தித்தாளில் வராத சிறிய அழிவு ஒன்று ஒவ்வொரு மழையிலும் நடக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடை ஏன் தேநீர் நிறத்தில் ஓடுகிறது? அது மேல்மண். செடிக்கு ஆகாரமான நைதரசனும், பொசுபரசும், பொட்டாசியமும், மக்கிய இலையும் அதில்தான் இருக்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் இந்த மலைகளின் காடுகளை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1869இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் கண்டது. அதற்கு இரண்டு வருடம் முன்னரே, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். கோப்பி அழிந்த மலைகளைத் தேயிலை மூடியது. காடு பல்லாயிரம் வருடம் சேர்த்துவைத்த மேல்மண், புல் பூண்டில்லாமல் துடைத்து வைத்த சரிவுகளிலிருந்து மழைக்கு மழை இறங்கிப் போயிற்று. வடதுருவத்தில் பனி காத்த களஞ்சியத்தை இங்கே காடு காத்தது. இரண்டையும் அவசரக்கார மனிதனே திறந்தான்.

இனி, கொழுந்துக்கூடையின் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். தேயிலைத்தூளில் நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு நைதரசன் இருக்கிறது. ஆக, 1,000 கிலோ தூள் கப்பலேறும்போது 40 முதல் 50 கிலோ நைதரசன் நம் மண்ணைவிட்டுப் போகிறது. அதைத் திருப்பிப் போடாவிட்டால் மண் இளைக்கும். மண் இளைத்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நிறுவையில் யாருக்குக் குறையும்? குறித்த கிலோ பறித்தால்தான் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர். மண்ணின் வறுமை முதலில் வந்து நிற்பது கூடை சுமக்கும் தாயின் முதுகில்தான். பூமியின் அழுகுரலும் ஏழையின் அழுகுரலும் வேறு வேறல்ல என்று 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் தமது 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் போதித்ததை நம் மக்கள் புத்தகம் இல்லாமலே அறிந்திருக்கிறார்கள்.

திருப்பிப் போடுவதிலும் காலம் தப்பக் கூடாது. நான் முன்னே சொன்ன பெரியவர் இதையும் சொன்னார்: "உரம் போட்ட அன்னைக்கு மழை ஊத்தினா, உரம் ஆத்துக்குத்தான் சாமி, செடிக்கில்ல." நைதரசன் நீரில் எளிதில் கரைவது. வேர் வாங்குமுன் பெருமழை வந்தால் அது ஓடையோடு போகும். ஓடையிலும் வாவியிலும் சேர்ந்து பாசியை வளர்க்கும், நீரைக் கெடுக்கும். நுவரெலியாவின் காய்கறி நிலங்களில் அளவுமீறிக் கொட்டிய பசளைக்கும் இதே கதிதான். குறைந்தால் பஞ்சம், மிஞ்சினால் நஞ்சு.

2021ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில்தான் தினக்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டாலும் அதற்குள் காலம் தப்பிவிட்டது. விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. சேதனப் பசளை தீயதா? ஒருபோதும் இல்லை. எருவும் மக்கிய இலையும் மண்ணுக்கு உயிர். ஆனால் யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவிலும் ஓரிரு பங்குதான். அதையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லப் பக்குவப்படுத்தித்தான் வேருக்குக் கொடுக்கும். அதற்கு வருடங்கள் வேண்டும், ஆயத்தம் வேண்டும். நல்ல எண்ணமே ஆனாலும் ஒரே இரவில் திணித்தால் உறைந்த கொழுந்தில் சடுதி வெயில் பட்டதுபோலத்தான்.

தோட்டக்காரன் கேட்ட தவணை

தவக்காலத்தில் கோவிலில் வாசிக்கக் கேட்ட ஓர் உவமையை இப்போது நினைவுக்குக் கொண்டுவாருங்கள். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. ஒருவர் தம் திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்திமரம் வைத்திருந்தார். மூன்று வருடமாக வந்து பார்த்தும் அதில் கனியில்லை. மண்ணையும் வீணாக்கிக்கொண்டு இது ஏன் நிற்க வேண்டும், வெட்டிவிடு என்றார். தோட்டக்காரனோ அதற்காகப் பரிந்து பேசினான். இந்த வருடமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன், பிறகு பார்ப்போம் என்று தவணை கேட்டான்.

அந்தத் தோட்டக்காரனை நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். அவன் தொழில் தெரிந்தவன். எருவைக் கொண்டுவந்து மேலே கொட்டிவிடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை. முதலில் கொத்துகிறேன் என்றான். நம் தோட்டங்களில் முள்ளுக்குத்துகிறோமே, அதுபோல. இறுகிய மண்ணுக்குள் காற்றும் நீரும் இறங்கினால்தான் எரு வேருக்குப் போகும். அதன்பின் எருவைச் சொன்னான். அதன்பின் ஒரு வருடம் கேட்டான், ஏனெனில் இன்று வைத்த எரு நாளைக்கே கனியாகாது என்று அவனுக்குத் தெரியும். கொத்துவது, எருப்போடுவது, காத்திருப்பது: இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண்.

நம் மலைகளிலும் இந்தப் பாடம் இருக்கிறது. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய மண்ணில் உடனே புதுக்கன்று நடுவதில்லை. தலவாக்கலை சென்ற்கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முறை என்ன? குவாத்தமாலா புல் அல்லது மானா புல்லை அந்த நிலத்தில் நட்டு, வளர வளர வெட்டி அங்கேயே பரப்பி, ஒன்றரை முதல் இரண்டு வருடம் வரை மண்ணைத் தேற்ற வேண்டும். அந்தக் காலத்தில் அந்த மலையிலிருந்து ஒரு கொழுந்துகூட வராது. கணக்குப் பார்க்கிற கண்ணுக்கு அது நட்டம். ஆனால் அந்த ஓய்வு இல்லாமல் நட்ட கன்று தலையெடுக்காது. ஏழாவது வருடத்தில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும்படி இறைவன் மோசே வழியாக இசுராயேலருக்குக் கட்டளையிட்டார் என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உழைக்கும் மனிதனுக்கு ஓய்வுநாளை வைத்த அதே ஆண்டவர், உழைக்கும் மண்ணுக்கும் ஓய்வை வைத்தார்.

நமக்குச் சொல்லப்படுவது என்ன?

முதலில், தோட்டங்களை நிருவகிப்பவர்களுக்கும் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாழ்பட்டுப்போன கான்களை வெட்டித் துப்புரவாக்குங்கள். சரிவில் மண்ணைத் தாங்கும் புல்லையும் நிழல்மரத்தையும் காத்திடுங்கள். கவ்வாத்து வெட்டிய மிலாறு மலையிலேயே கிடந்து மக்கினால் மண்ணுக்கு நல்லது என்பது உண்மை. ஆனால் லயத்து அடுப்புக்கு வேறு விறகு இல்லாதபோது, மிலாறு சுமந்துவரும் பெண்ணைக் குற்றம் சொல்வது நீதியாகாது. மண்ணுக்குரியதை மண்ணுக்குக் கொடுக்க வேண்டுமானால், மனிதருக்குரியதை மனிதருக்கு முதலில் கொடுக்க வேண்டும். கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்று பழைய ஏற்பாட்டுச் சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது. ஏன் அந்த அவசரம்? காலம் தப்பிய கூலி, இலையுதிர்ந்த பின் வந்த நைதரசனைப் போன்றது. பிள்ளை பசியோடு உறங்கிய பிறகு வரும் சோறு, சோறுதான். ஆனால் பிள்ளைக்கு உதவவில்லை.

அடுத்து, லயத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி மண் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சிறு துண்டும் ஆண்டவர் உங்கள் கையில் ஒப்படைத்த திராட்சைத் தோட்டந்தான். வீட்டுக் குப்பையை ஓடையில் எறியாமல், மக்கும் குப்பையைக் குழியில் போட்டு மூடி எருவாக்குங்கள். பாத்தியைச் சரிவின் குறுக்கே கட்டுங்கள். உரத்தை மழை பார்த்து, அளவு பார்த்து, வேர் பார்த்து இடுங்கள். "இம்மட்டும் செய்தால் உலகம் குளிர்ந்துவிடுமா?" என்று கேட்டால், குளிர்ந்துவிடாது என்றே சொல்வேன். ஆனால் உங்கள் பாத்தியின் மேல்மண் உங்கள் பிள்ளைக்கு மிஞ்சும். அதற்காக ஆண்டவர் முன் நீங்கள் கணக்குக் கொடுக்கலாம்.

கடைசியாக, எல்லாக் குடும்பங்களுக்கும். பிரியமான தந்தையரே, தாய்மாரே, நம் வீடுகளிலும் உறைநிலம் உண்டு. நெஞ்சில் அன்பு இல்லாமல் இல்லை, இருக்கிறது. ஆனால் அது ஆழத்தில் உறைந்து கிடக்கிறது. மகன் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவனோடு உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாத தகப்பன், அவன் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன பிறகு ஏங்கி அழுகிறான். தாய் உயிரோடிருந்தபோது எட்டிப் பாராத அண்ணன் தம்பிகள், அவளுடைய முப்பதாம் நாள் பூசையில் விம்முகிறார்கள். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் அது காலம் தப்பி உருகியது. வாங்கிக்கொள்ளும் வேர் அப்போது அங்கே இல்லை.

இன்னும் சிலர் பல வருடக் கோபத்தை நெஞ்சில் உறையவைத்திருக்கிறார்கள். ஒரு நாள் அது உருகுகிறது. உருகும்போது பழைய கதையெல்லாம் ஒரே மூச்சில் வாய்வழியாகக் கொட்டுகிறது. சமாதானத்துக்கு வந்தவர்கள் முன்னிலும் பெரிய பகையோடு திரும்புகிறார்கள். ஒப்புரவுக்குப் போகுமுன் மண்ணைக் கொத்துங்கள். தன் குற்றத்தைத் தானே தேடிப் பார்ப்பதுதான் அந்தக் கொத்து. அருகில் ஒரு நல்ல தோட்டக்காரரையும் வைத்துக்கொள்ளுங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருக்கும் குருவானவர் அதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

அத்திமர உவமையில் ஒரு விசேஷம் உண்டு. மரம் பிறகு காய்த்ததா, வெட்டப்பட்டதா என்று ஆண்டவர் சொல்லவில்லை. கதையை அந்தத் தவணையோடு நிறுத்திவிட்டார். முடிவு நம் கையில் இருக்கிறது. தோட்டக்காரன் கேட்டது ஒரு வருடந்தான். நூறு வருடம் அல்ல. வடக்கே உருகிக்கொண்டிருக்கும் நிலமும், நம் ஓடையில் இறங்கிக்கொண்டிருக்கும் மண்ணும், நம் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளும் நமக்காக முடிவில்லாமல் காத்திருக்க மாட்டார்கள்.

ஆகையால், அன்பார்ந்தவர்களே, இந்த வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பாத்தியில் ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். மண்ணிலிருந்து மனிதனை உருவாக்கிய இறைவன், விபூதித் திருநாளில் நம் நெற்றியில் சாம்பலிட்டு அதை நினைவூட்டுகிறார். அந்த மண்ணுக்கு இந்த வருடம் நான் எதைத் திருப்பிக் கொடுத்தேன் என்று கேளுங்கள். பின்பு வீட்டுக்குள் போய், அங்கே காத்திருப்பவர்களில் யாருக்கு எதைக் காலம் தாழ்த்திவிட்டேன் என்று கேளுங்கள். பதில் கிடைத்தால், மண்வெட்டியை இன்றே எடுத்துவிடுங்கள்.

நமக்காகத் தவணை கேட்டு நிற்கும் நல்ல தோட்டக்காரராகிய இயேசு ஆண்டவர், நம்மைக் கொத்தவும் எருப்போடவும் நாம் இடங்கொடுக்கும் அருளைத் தருவாராக. ஆமென்.